தூரத்துப் பச்சை

உங்கள் வீட்டில் இன்ஜினீயரிங்கோ ஜியாலஜியோ படிக்கிற பிள்ளை இருந்தால், அதன் சர்ட்டிஃபிகேட் ஃபைலை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வழவழப்பான தாளில் தங்க நிற பார்டர் போட்ட சான்றிதழ்கள் ஏழெட்டு இருக்கும். அதில் ஒன்றாவது ‘ரிமோட் சென்சிங் - இரண்டு நாள் தேசியப் பயிலரங்கம்’ என்று சொல்லும். ‘அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்று கேளுங்கள். ‘சாட்டிலைட் படத்தை வைத்து எங்கே எவ்வளவு பச்சை இருக்கிறது என்று அளக்க’ என்று பதில் வரும். ‘எந்த ஊர்ப் பச்சையை அளந்தாய்?’ என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பிள்ளை கொஞ்சம் முழிக்கும்.

அந்த முழியைப் பற்றித்தான் இந்த வாரம்.

இந்தப் பயிலரங்குகளுக்கென்று ஓர் ஆகமம் உண்டு. காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு. ஃபேன் காற்றில் மெழுகுவத்தி அணைந்து, மறுபடி ஏற்றுவார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, ‘நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக’ என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஓடும் வாழ்த்துரை. டீ, சமோசா. பிறகு முதல் ஸ்லைடு: ‘ரிமோட் சென்சிங் என்பது ஒரு பொருளைத் தொடாமலேயே அதைப் பற்றி அறிவது.’ மத்தியானம் லாப். யாரோ ஏற்கெனவே இறக்கி வைத்த படம், யாரோ எழுதி வைத்த ஸ்டெப்புகள். இந்த பட்டனை அழுத்து, அந்த பட்டனை அழுத்து. திரை பச்சையாகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் சாயங்காலம் சர்ட்டிஃபிகேட், குரூப் போட்டோ.

நடத்துகிறவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. 2010-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளில் கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்கு மார்க் போட ஆரம்பித்தார்கள். கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இத்தனை, பயிற்சி வகுப்புக்குப் போனால் இத்தனை என்று கணக்கு. 2018-ல் விதிகள் மாறின. பழகின கை மாறவில்லை. மார்க் கிடைக்கிற இடத்தில் கூட்டம் கூடத்தானே செய்யும்?

கட்டுரைகளுக்கும் அச்சு ஒன்றுதான். ‘இன்ன ஆற்றுப் படுகையில் நிலப் பயன்பாட்டு மாற்றம் - ரிமோட் சென்சிங் மற்றும் ஜி.ஐ.எஸ். வழியே ஓர் ஆய்வு.’ வைகையை எடுத்துவிட்டுத் தாமிரபரணியைப் போட்டால் புதுக் கட்டுரை. கடைசியில் ‘துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல்’ என்று ஒரு வரி. அந்தத் துல்லியத்தை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டால், பல சமயம் வருகிற பதில்: ‘கூகுள் எர்த்தில் ஒப்பிட்டுப் பார்த்தோம் சார்.’ அதாவது, ஒரு சாட்டிலைட் படம் சரியா என்று இன்னொரு சாட்டிலைட் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி!

இப்படிச் சொல்வதால் இந்த விஞ்ஞானமே வெத்துவேட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது இந்தியாவில் எப்படி ஆரம்பித்தது என்று பாருங்கள். 1960-களின் கடைசியில் கேரளத்துத் தென்னைகளை வேர் வாடல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. எந்தெந்தத் தோப்பில், எத்தனை மரத்தில் என்று கீழே நடந்து எண்ணி மாளாது. பி.ஆர். பிஷரோட்டி என்று ஒரு வானிலை விஞ்ஞானி, சி.வி. ராமனின் மாணவர், 1970-ல் ஒரு காரியம் செய்தார். அகச்சிவப்பு ஃபிலிம் போட்ட காமிராவை ஆகாயத்தில் ஏற்றித் தோப்புகளைப் படமெடுத்தார். நல்ல மரம் ஒரு நிறமாகவும் சீக்கு மரம் வேறு நிறமாகவும் விழுந்தது. இந்திய ரிமோட் சென்சிங்கின் பிள்ளையார் சுழி அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் சீக்கு வந்த மரம், பிறகு கேள்வி, கடைசியில்தான் காமிரா. இன்றைய பயிலரங்கில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் சாஃப்ட்வேர், பிறகு படம். கேள்வி வருவதற்குள் சர்ட்டிஃபிகேட் வந்துவிடுகிறது.

கற்றுக்கொடுக்க இடமில்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. டேராடூனில் 1966-லேயே நெதர்லாந்து உதவியோடு, விமானப் படங்களைப் படிக்கச் சொல்லித்தரும் நிலையம் தொடங்கிவிட்டது. இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிலையம் அதுதான். 1995 முதல் அதே ஊரில் ஐ.நா. சார்ந்த மையம் ஒன்றும் இருக்கிறது; ஆசிய பசிபிக் நாடுகளிலிருந்து வந்து ஒன்பது மாத டிப்ளமோ படித்துப் போகிறார்கள். நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-லிருந்து இதற்குத் தனி மையம் உண்டு. 1988 மார்ச் 17-ம் தேதி பைகனூரிலிருந்து ஐ.ஆர்.எஸ். 1-ஏ மேலே போனபோது, அதன் படங்களைப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை தயாராக இருந்தது. அதற்குக் காரணம் இந்த மாதிரிப் பள்ளிக்கூடங்கள்தான்.

இன்றைக்கு டேராடூன் வரை போகக்கூட வேண்டாம். 2007 முதல் அங்கிருந்தே ஆன்லைன் பாடம் நடக்கிறது. அமெரிக்காவின் லாண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம். இஸ்ரோவின் ‘புவன்’ தளம் 2009-ல் வந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2, 2015-லிருந்து பத்து மீட்டர் துல்லியத்தில் உலகத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆசிய ரிமோட் சென்சிங் மாநாடு 1980-லிருந்து ஊர் ஊராக நடக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உலக மகாநாடு வேறு. படத்துக்கும் பாடத்துக்கும் பஞ்சமே இல்லை.

சரி, எல்லாம்தான் இலவசமாயிற்றே. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பார்த்துவிடுவோம். மாஞ்சோலை.

கல்லிடைக்குறிச்சி தாண்டி மணிமுத்தாறு அணை. அதற்கு மேல் பஸ் முக்கி முனகி ஏறுகிற மலைப்பாதை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அடுத்தடுத்து எஸ்டேட் ஊர்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா கம்பெனி. 1952-ல் ஜமீன் ஒழிந்து நிலம் அரசாங்கத்துக்கு வந்தது, குத்தகை தொடர்ந்தது. 1988-ல் சுற்றிலும் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆயிற்று. 2018-ல் எஸ்டேட் நிலமும் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிவது 2028-ல். ஆனால் 2024 ஜூனிலேயே கம்பெனி வேலையை நிறுத்தி, தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களை விருப்ப ஓய்வில் அனுப்பியது. அரசின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் தரப்பில் கேட்டார்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வேறொன்று சொன்னது. அகஸ்தியமலை நிலப்பரப்பு முழுவதையும் சர்வே செய்ய வேண்டும். முன்பு எவ்வளவு காடு இருந்தது, இப்போது எவ்வளவு என்று சாட்டிலைட் படங்களையும் வைத்து ஒப்பிட வேண்டும் என்று மத்திய அதிகாரக் குழுவுக்கு உத்தரவிட்டது. ஆக, பயிலரங்கில் பிள்ளைகள் பட்டன் அழுத்திப் பழகுகிற அதே வித்தை, இப்போது அந்த மலையின் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது. சாட்சிக்கு எது தெரியும், எது தெரியாது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பச்சையை அளக்கிற முறையிலிருந்து ஆரம்பிப்போம். இலை, சிவப்பு ஒளியைச் சாப்பிட்டுவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வரும் இந்த இரண்டு ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தை, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண். ஒன்றை நெருங்கினால் அடர்ந்த பச்சை. பூஜ்யத்தை ஒட்டினால் கட்டாந்தரை. அழகான கணக்கு. சிக்கல் என்னவென்றால், ஓர் அளவுக்கு மேல் அடர்த்தி வந்துவிட்டால் இந்த எண் ஏறாமல் நின்றுவிடும். செழித்து நிற்கிற தேயிலைக்கும் பல நூறு வருஷத்துச் சோலைக்காட்டுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்! கெட்டிக்கார மாணவன் வேறு அலைவரிசைகளையும் ரேடாரையும் சேர்த்துத் தேயிலையைத் தனியே பிரித்துவிடுவான். ஆனால் மாஞ்சோலையில் தேயிலை மட்டுமா இருந்தது? ஏலக்காயும் விளைந்தது. ஏலம், பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற செடி. மேலே இருந்து பார்த்தால் மரம்தான் தெரியும். படத்துக்கு அது காடு. அதில் களை எடுத்தவருக்கு அது தோட்டம்.

அடுத்து மேகம். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு என்கிற மலை இது. மழை மாதங்களில் சாதாரண சாட்டிலைட் படத்தில் வெறும் வெள்ளைப் பஞ்சுதான் கிடைக்கும். எனவே ஆய்வு செய்கிறவர்கள் பிப்ரவரி, மார்ச் படமாகப் பார்த்து எடுப்பார்கள். விளைவு, மழைக்காட்டைப் பற்றிய நம் படங்கள் பெரும்பாலும் வெயில்காலப் படங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிச் சீமையே மிதந்ததே, நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. மாஞ்சோலையிலும் 50 செ.மீ.க்கு மேல். மலைச்சரிவில் பெய்கிற மழையைச் சாட்டிலைட் குறைத்து மதிப்பிடுவது தெரிந்த விஷயம். கீழே இருக்கிற மழைமானியை வைத்துத்தான் அதைத் திருத்துகிறார்கள். மானி தானாகவே அளந்து தகவல் அனுப்பும் என்றாலும், அதில் விழுந்த இலையை எடுக்கவும் அறுந்த வயரைக் கட்டவும் ஒரு கை வேண்டும். ஊரே காலியாகிவிட்டால் அந்தக் கை எங்கிருந்து வரும்?

ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் என்பீர்கள். உண்மைதான். 2025 ஜூலை 30-ம் தேதி இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ஏவிய நிசார், அதற்காகவே பிறந்தது. அதன் இரண்டு ரேடார்களில் ஒன்றின் அலைநீளம் 24 செ.மீ., ஏறக்குறைய ஒரு சாண். இலைகளுக்கு நடுவே புகுந்து மண் நகர்வதைக்கூடப் பார்க்கும். பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை அதே பாதைக்குத் திரும்பி வரும். இதே மலைத்தொடரின் தெற்கே மகேந்திரகிரியில்தான் இஸ்ரோ தன் ராக்கெட் இன்ஜின்களைச் சோதித்துப் பார்க்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மண் நகர்ந்தது என்று நிசார் சொல்லும். ஏன் நகர்ந்தது, அங்கே எந்த வருஷம் எந்த ஓடையைத் திருப்பினார்கள் என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அளவு. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் என்றால் நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். இலவசப் படத்தில் அதுதான் ஒரு புள்ளி. எஸ்டேட்டின் லயன் வீடு அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிடும். பாதி ஓடு, பாதி வாசலில் வைத்த செடி. கம்ப்யூட்டர் இரண்டையும் கலந்து சராசரி எடுத்து ஒரு நிறம் கொடுக்கும். விலை கொடுத்து வாங்குகிற படத்தில் கூரை பளிச்சென்று தெரியும். கூரைக்கு அடியில் யார் இருக்கிறார், எத்தனை தலைமுறையாக இருக்கிறார் என்பது எந்த விலைக்கும் தெரியாது.

கூலி உயர்வு கேட்டும், கைதான தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியிலும் தாமிரபரணியில் விழுந்தும் 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. லாண்ட்சாட்-7 மேலே போனது அந்த வருஷம் ஏப்ரலில். முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுக்கிற அதன் படங்களில் அந்த ஆறு ஒரு மெல்லிய கோடு. கருத்தரங்குகளில் எத்தனையோ கட்டுரைகளுக்கு அந்தக் கோடு பயன்படும். கோட்டின் கதை கட்டுரையில் வராது.

இனி, பெயர் வைக்கிற பிரச்னை. என் பார்வையில் பயிலரங்குகள் முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்திய வன அளவாய்வு நிறுவனம் 1987-லிருந்து நாட்டின் காட்டுப் பரப்பைச் சாட்டிலைட் படங்களை வைத்துக் கணக்கிட்டு அறிக்கை தருகிறது. அதன்படி ‘காட்டுப் போர்வை’ என்றால் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலே இருந்து பார்க்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கிளை மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நிலம் யாருடையது, என்ன மரம், சட்டப்படி அது காடா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. தென்னந்தோப்பு தேறிவிடும். நடுநடுவே நிழலுக்குச் சில்வர் ஓக் நட்ட தேயிலைத் தோட்டமும் தேறிவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது மறுபடி காடாக வேண்டும், அதனால் நீங்கள் இறங்கிப் போங்கள் என்று ஒரு கூட்டத்தாரிடம் சொல்கிறோம். நிழல் மரம் போதுமான அளவு இருக்கிற எஸ்டேட் சரிவுகளோ, அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தபோதே நம் அறிக்கையின் கணக்கில் காட்டுப் போர்வைதான்! அவர்கள் இருந்ததும் அறிக்கையில் தெரியவில்லை, போனதும் தெரியாது.

மாஞ்சோலை காடாகத் திரும்ப வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சிங்கவால் குரங்குகள் வாழும் மலை அது. தாமிரபரணியை நம்பி இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. தொழிலாளர்களுக்கு வீடும் நிலமும் பிழைப்பும் வேண்டும் என்பதற்கும் அதே அளவு வலுவான காரணங்கள் உண்டு. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தீர்ப்புக்கு வருகிற சாட்சியத்தின் லட்சணத்தைப் பற்றித்தான் என் கவலை.

சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் விதிகளை 2012-ல் திருத்தியபோது தெளிவாகவே எழுதினார்கள்: சாட்டிலைட் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்குப் பதிலாக இருக்க முடியாது. ஊர்ப் பெரியவர் வந்து ‘என் தாத்தா இங்கேதான் குடியிருந்தார்’ என்று சொன்னால், அதைப் படத்தைக் காட்டி மட்டும் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு ரிமோட் சென்சிங் லாபிலும் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டிய விதி.

இந்தத் துறைக்காரர்களே வைத்திருக்கிற அருமையான வார்த்தை ஒன்று உண்டு. ‘கிரவுண்ட் ட்ரூத்’ - தரையில் இருக்கிற உண்மை. படத்தில் பார்த்ததைக் கீழே போய்ச் சரிபார்ப்பது. பயிலரங்கின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை நாள் ஒதுக்கியிருப்பார்கள், ‘களப் பயணம்’ என்று. பக்கத்தில் அருவி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். துண்டோடு போய்த் துவைத்துக் காயப்போட்டுத் திரும்பிவிடுவார்கள். இதே மலையில், காக்காச்சியில், 1990-களில் ஆய்வாளர்கள் மழைக்காட்டு மரங்களின் உச்சிவரை ஏறி, எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தப் பூச்சி வந்து போகிறது என்று வருஷக்கணக்கில் குறித்து வைத்தார்கள். அந்த மாதிரி நோட்டுப் புத்தகம் பக்கத்தில் இருந்தால்தான் சாட்டிலைட் படத்துக்கு அர்த்தம் வருகிறது.

அதனால் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பயிலரங்கைத் திருநெல்வேலிப் பக்கம் வைக்கிறீர்களா? நாலுமுக்கில் இருபது வருஷம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவையும், காரையாறு காணிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். பொன்னாடையை அவர்களுக்குப் போடுங்கள். படத்தைத் திரையில் போட்டு, ‘இது என்ன இடம், சொல்லுங்கம்மா’ என்று கேளுங்கள். அவர்கள் தமிழில் பேசுவார்கள், பரவாயில்லை. மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். கடைசியில் வரைந்த மேப்பை, ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதி அவர்கள் கையிலேயே ஒரு காப்பி கொடுத்து அனுப்புங்கள். இதற்கு யு.ஜி.சி. மார்க் கொடுக்குமா என்று தெரியாது. நான் கொடுப்பேன்.

பிள்ளைகளை அனுப்புகிற அப்பா அம்மாக்களே, நீங்கள் ஃபீஸ் கட்டுவதற்கு முன் நோட்டீஸில் ஒன்றே ஒன்றைத் தேடுங்கள். எந்த ஊரைப் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் தாராளமாக அனுப்புங்கள். சாஃப்ட்வேர் பெயர் மட்டும் இருந்தால், அதே பாடம் டேராடூனிலிருந்து இலவசமாகவே வீட்டுக்கு வருகிறது.

தேயிலையைக் கவாத்து செய்யாமல் விட்டுவிட்டால் அது செடியாக இருக்காது, மரமாக வளர்ந்துவிடும். இன்னும் சில வருஷங்களில் மாஞ்சோலைப் படங்கள் இன்னும் பச்சையாக இருக்கும். யாராவது ஒரு மாணவன் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட்டு, ‘காட்டின் அடர்த்தி கூடியிருக்கிறது’ என்று ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பான். அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். வாசித்து முடித்ததும், அரங்கில் இருந்து யாராவது எழுந்து, ‘தம்பி, அங்கே முன்னால் யார் இருந்தார்கள்?’ என்று கேட்க வேண்டும். கேட்கிற அந்த ஆள் நீங்களாகவோ உங்கள் பிள்ளையாகவோ இருந்தால் நல்லது.